அப்பா போன் கேட்கிறார்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பவுனம்மாள் 'அண்ணே' என்று கூப்பிடாத ஆம்பிளை ஒருத்தர்தான். தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவனிலிருந்து மாநகர் மன்ற அதிகாரி வரைக்கும், வயசு வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் அண்ணனாக்கிவிடுவாள். அண்ணே என்று சொல்லிவிட்டால் பேரத்தில் பாதி ஜெயித்த மாதிரி. தங்கச்சியிடம் எவன் ரொம்ப இறக்கிக் கேட்பான்?

பக்கத்துப் பாத்திரக் கடை சின்னையாவை மட்டும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "என்ன தவுக்கே" என்பாள், சீனர் கடை முதலாளியைக் கூப்பிடுகிற மாதிரி. தெருவே அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று.

அவளுடையது வளையல் கடை. பொட்டு, ரிப்பன், சவுரிமுடி, கல்யாணத்துக்குக் கண்ணாடி வளையல். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். முன்னால் ஆட்கள் நடக்கிற அஞ்சடி. அந்த அஞ்சடியில்தான் அவர்களுடைய வாழ்க்கை முழுக்க நடந்தது. சின்னையாவின் எவர்சில்வர் அண்டாக்கள் வளர்கிற பிள்ளை மாதிரி தினம் ஒரு சாண் அவள் பக்கம் நகர்ந்து வரும்.

"தவுக்கே, உங்க அண்டா என் கடைக்குக் குடிவந்துருச்சு."

"சும்மா எட்டிப் பாக்குது பவுனு. அதுக்கும் கண்ணு இருக்கும்ல."

"எட்டிப் பாக்கற அண்டாவுக்கு நான் பொட்டு வச்சு வித்துருவேன், சொல்லிட்டேன்."

"வித்துக்க. கமிஷன் எனக்கு."

இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடினால் தப்பு, ஒரு வார்த்தை குறைந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்போது சின்னையாவுக்கு மனைவி இருந்தாள். குறை சொல்ல முடியாத பொம்பளை. பவுனம்மாளுக்கும் தாலி கட்டினவன் ஒருத்தன் இருந்தான். லோரி ஓட்டிக்கொண்டு ஜொகூருக்குப் போனவன் அங்கே இன்னொரு வீட்டு வாசலில் லோரியை நிறுத்திவிட்டான். பிற்பாடு சின்னையாவின் மனைவி காலமானபோது இவர்கள் இருவருக்கும் தலை நரைத்திருந்தது. தெருவுக்கு வாய் மட்டும் நரைக்கவில்லை. சரக்கு இருந்தது, வாங்க ஆள் இருந்தது, விலையை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலில் விலை சொல்கிறவன் தோற்பான் என்பது வியாபாரிகளின் வேதம். அந்த வேதம் கடைக்கு நல்லது. மற்றதற்கு எமன்.

ஒருநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அண்டாக்கள் உருண்டன. பவுனம்மாள் செருப்புப் போடாமல் ஓடினாள். அந்த ஒரு தடவை அவளுக்கு யாரும் தகவல் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சுவரே சொல்லிவிட்டது. பக்கவாதம். வலது கை போனது, வலது கால் போனது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கிள்ளானையே பேசி விற்ற நாக்கு, கல் கட்டினது மாதிரி ஆகிவிட்டது.

மகன் லோகன் கோலாலம்பூரில், செராஸில் இருக்கிறான். நல்ல பையன். எல்லாரும் வேலைக்குப் போகிற வீட்டில் அப்பாவைத் தனியாக விட முடியாது என்று, அதே ஊரில் பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தான். பாத்திரக் கடை ஷட்டர் இறங்கியது. அதற்கப்புறம் சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

நர்சிங் ஹோமை நடத்துகிறவர் சிஸ்டர் அமுதவள்ளி. கறாரான ஆள், ஆனால் கறாரில் ஒரு ஈரம் உண்டு. ஒவ்வொரு பெரியவருக்கும் குடும்பத்தோடு ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார். காய்ச்சல் அடித்தால், சோறு மிச்சம் வைத்தால், டாக்டர் மாத்திரையை மாற்றினால், உடனே குரூப்பில் எழுதிவிடுவார். சின்னையாவின் குரூப்பில் லோகனும், மெல்பர்னில் இருக்கிற மகள் மாதவியும் இருந்தார்கள். மாதவி கடல் தாண்டி இருந்தாள், ஆனாலும் அப்பா காலையில் இட்டிலி தின்றாரா கஞ்சி குடித்தாரா என்பது அவளுக்குத் தெரியும். கோமுட்டர் ரயிலில் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருந்த பவுனம்மாளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு ரயில் ஏறுவாள். சென்ட்ரலில் இறங்கி, மாலைக் கடைகளையும் பழைய பாட்டுச் சத்தத்தையும் தாண்டி நடந்தால் நர்சிங் ஹோம். அங்கே அவளுக்கு வைத்திருந்த பெயர் 'கிள்ளான் ஆன்டி'. சின்னையா சக்கர நாற்காலியில் சன்னலோரம் இருப்பார். அவளைக் கண்டதும் இடது பக்க முகம் மட்டும் சிரிக்கும். வலது பக்கம், கூட்டாளி சம்மதிக்காத வியாபாரம் மாதிரி சும்மா கிடக்கும்.

அவள்தான் பேசுவாள். தெருவில் யார் கடையை விற்றான், யார் வாடகையை ஏற்றினான், தைப்பூசத்துக்கு என்ன சரக்கு வந்தது. புதுசாக வந்த வளையலில் நாலு மாட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள். அவர் இடது ஆள்காட்டி விரலால் ஒன்றைச் சுண்டுவார். ஒரு சுண்டு என்றால் நல்ல சரக்கு. இரண்டு சுண்டு என்றால் ஏமாந்துவிட்டாய். ஒரு வார்த்தை பேச மாட்டார். முயற்சிகூடச் செய்ய மாட்டார். பேரம் பேசாத சின்னையாவைப் பார்ப்பது, திறந்து கிடக்கிற கடையில் சரக்கில்லாததைப் பார்க்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை, துண்டு எடுக்க அவருடைய அலமாரியைத் திறந்தவள் உள்ளே புத்தம் புதிய போன் ஒன்றைப் பார்த்தாள். மேலே ஒட்டின பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. "இது எதுக்கு தவுக்கே? போன்ல பேரம் பேசறவன் மூஞ்சிய மறைக்கறவன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே?" என்று கேட்டாள். அவர் போனைப் பார்த்த பார்வை, கள்ள நோட்டைப் பார்த்த பார்வை.

வெள்ளி முடிந்தால் அடுத்த வெள்ளி வரைக்கும் ஒன்றும் கிடையாது. இருமினாரா, விழுந்தாரா, தூங்கினாரா, ஒன்றும் தெரியாது. கடையில் வேலை இல்லாத நேரம் சுவரில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். வளையல் வாங்க வந்தவள் ஒருத்தி, "என்னா ஆன்டி, சொவத்துல ஷாக் அடிக்குதா?" என்று கேட்டாள். "அடிச்சா நல்லாருக்கும்லா" என்றாள் பவுனம்மாள்.

இந்த வெள்ளிக்கிழமை போனபோது அவருடைய கட்டில் காலியாக இருந்தது. மெத்தையை உருவிச் சன்னலோரம் வெயிலில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

அப்படி ஒரு மெத்தையை நிமிர்த்தி வைத்தால் என்ன அர்த்தம் என்று பவுனம்மாளுக்குத் தெரியும். கையிலிருந்த வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"உக்காருங்க ஆன்டி" என்றார் அமுதவள்ளி, பின்னாலிருந்து.

"உக்காரச் சொல்லாதீங்க சிஸ்டர். உக்காரச் சொன்னாலே எனக்குப் பயம். எங்க அவரு?"

"இருக்கார். உயிரோட இருக்கார். ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருக்கு."

"எப்ப? எந்த ஆஸ்பத்திரி? என்னாச்சு?"

அமுதவள்ளி தன் மேசைக்கு அழைத்துப் போய், தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் சொன்னார். "ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. அதெல்லாம் குடும்பத்துக்கு மட்டும்தான் சொல்லலாம். மாத்துன உடனே லோகனுக்கும் மாதவிக்கும் சொல்லியாச்சு."

"நான் வாராவாரம் வரேன்லா."

"வரீங்க. தெரியும். ஆனா போன வருஷம் ஒருத்தரு வாராவாரம் ஆரஞ்சு வாங்கிட்டு வந்தாரு. நெருங்கின சொந்தம்னாரு. நம்பி எல்லாத்தையும் சொன்னேன். கடைசில பாத்தா இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு."

"நான் ஆரஞ்சே வாங்கிட்டு வந்ததில்லையே சிஸ்டர்."

அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "சரி, நீங்க அவருக்கு என்ன உறவு? அத மட்டும் சொல்லுங்க. லோகன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு உங்களையும் குரூப்ல சேத்துடறேன்."

"பக்கத்துக் கடை."

"அது உறவு இல்லையே ஆன்டி."

"கிள்ளான்ல அதான் சிஸ்டர் உறவு. சொந்தக்காரன் தீபாவளிக்குத் தீபாவளி வரான். பக்கத்துக் கடைக்காரன் தினம் ஷட்டர் தூக்கறப்ப மூஞ்சியக் காட்டறான்."

"அத நான் லோகன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"ஃபிரண்டுன்னு சொல்லுங்க."

"ஃபிரண்டெல்லாம் சேக்கறதில்ல. ஆன்டி, எதுக்கு இவ்ளோ இழுக்கறீங்க? தங்கச்சி முறைன்னு சொல்லிடறேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தான சொல்வாங்க. ஒரு வார்த்ததான?"

ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையைத்தான் பவுனம்மாள் ஒரு வாழ்நாள் பூராவும் அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள். அடக்க விலைக்குக் கீழே கொடுத்த சரக்கு உண்டு, நஷ்டத்துக்குத் தள்ளிவிட்ட சரக்கு உண்டு. இதை மட்டும் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே எடுத்ததே இல்லை. எத்தனையோ அண்ணன்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஆளை அண்ணன் ஆக்காமல் விட்டு வைத்தாள் என்றால், அவள் மனசு கேட்ட விலை அதுதான். அவரும் அதைப் புரிந்துகொண்டுதான் மற்ற எல்லாரும் 'பவுனம்மா' என்கிறபோது 'பவுனு' என்று நிறுத்தினார் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அறைக் கதவு வழியாக மெத்தை தெரிந்தது. நடுவில் ஒரு ஆள் படுத்த பள்ளம் இன்னும் நிமிரவில்லை.

"சரி" என்றாள். "தங்கச்சின்னே சொல்லுங்க."

அமுதவள்ளி எழுந்து நின்றுகொண்டு லோகனை அழைத்தார். லோகன் கடைக்காரன் பிள்ளை. ஸ்பீக்கர் போடாமலேயே அவன் குரல் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தது.

"லோகன், உங்க அத்தை வந்திருக்காங்க. அப்பாவப் பத்திக் கேக்கறாங்க, சொல்லலாமா?"

"அத்தையா? எந்த அத்தை? எங்கப்பா வீட்டுக்கு ஒத்தப் புள்ள சிஸ்டர்!"

அமுதவள்ளியின் கண் பவுனம்மாளை ஆரஞ்சுக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. பவுனம்மாளுக்குத் தரையில் பாய் விரித்துப் படுத்துவிடலாம் போல இருந்தது. இருக்கிறதையெல்லாம் அடியோடு இறக்கிக் கொடுத்தும், சரக்கு போலி என்று திருப்பி வீசிவிட்டான்!

"பேரைக் கேளுங்க சிஸ்டர்" என்றது போன்.

"ஆன்டி, உங்க பேரு என்ன?"

இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. கிள்ளான் ஆன்டிக்கு எதற்குப் பெயர்? "பவுனம்மாள்" என்றாள். "வளையக் கடை. பவுனுன்னு சொல்லுங்க, அவனுக்குத் தெரியும்."

"பவுனுன்னு சொல்றாங்க லோகன்…" என்றவர் அப்படியே நின்றார். உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வலது பக்கம் வராத வாய் மாதிரி, மெல்ல இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். "பௌனு… போனு."



"ஆன்டி" என்றார் அமுதவள்ளி. "அங்கிள் உங்கள எப்படிக் கூப்பிடுவார்?"

"அப்படித்தான். ஏன்?"

அமுதவள்ளி உட்கார்ந்துவிட்டார். "லோகன், நான் சொல்லிடவா?"

"சொல்லிடுங்க சிஸ்டர். எல்லாத்தையும் சொல்லிடுங்க" என்றான் லோகன். இப்போது அவன் குரல் கடைக்காரன் பிள்ளையின் குரல் இல்லை.

அமுதவள்ளி சொன்னார். வந்த நாளிலிருந்து சின்னையா காலையில் கண் விழித்ததும், சரியாகக் கடை திறக்கிற நேரத்துக்கு, போனு போனு என்று கேட்பாராம். இடது கையால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்பாராம். 'அப்பா போன் கேட்கிறார்' என்று இவர் குரூப்பில் எழுதுவார். மாதவி வீடியோவில் வருவாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'இன்றும் போன் கேட்டார், கொடுத்தால் தள்ளிவிடுகிறார்.' ஹோமில் நீட்டுகிற பழைய போன் பிடிக்கவில்லையோ என்று மாதவி புதுப் போன் வாங்கி அனுப்பினாள். அதைத் தூக்கி எறிந்தார். மனக்குழப்பம் என்று டாக்டரிடம் சொன்னார்கள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அமைதியா இருப்பார். அதையும் எழுதியிருக்கேன் ஆன்டி. 'வெள்ளி, நன்றாகத் தூங்கினார்.' ஆனா எதுனாலன்னு நான் யோசிக்கல."

பவுனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் எதிரில் அவர் அந்த வார்த்தையை ஒருநாளும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்? எதிரில் நிற்கிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும்? கிள்ளானில் அவள் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்ற அதே காலை நேரங்களில், இங்கே அவர் சுவரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். முதல் விலையை அவர்தான் சொல்லியிருக்கிறார். தினம் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அமுதவள்ளி போனை அவளிடம் கொடுத்தார்.

"ஆன்டி" என்றான் லோகன். "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஆக்சிஜன் வச்சிருக்காங்க. டாக்டர் பாக்கலாம்னு மட்டும் சொல்றாரு. மாஸ்க்கைத் தள்ளிட்டு அதையேதான் கேட்டுட்டு இருக்காரு. நான் என் போனை எடுத்து எடுத்து நீட்டிட்டு இருக்கேன்." மூக்கை உறிஞ்சினான். "நீங்க ஏன் ஆன்டி தங்கச்சின்னு சொன்னீங்க? நீங்க அப்பாவ அண்ணேன்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லையே."

சின்னப் பையனாக அஞ்சடியில் அண்டாவுக்குள் உட்கார்ந்து விளையாடினவன். காதில் எல்லாம் விழுந்திருக்கிறது!

"சிஸ்டர் கேட்ட வெலைக்குக் குடுத்துட்டேன்பா" என்றாள் பவுனம்மாள்.

"திருப்பி வாங்கிக்குங்க. கெளம்பி வாங்க. குரூப்ல உங்கள என்னன்னு சேக்கச் சொல்லட்டும்?"

"பேரச் சொல்லியே சேக்கச் சொல்லு. அது போதும்."

கிரேப் வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்தபோது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. குரூப்பில் சேர்ந்திருந்தாள். மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய செய்தி தெரியாதாம். அவர் கூப்பிட்ட அத்தனை காலையும் அவளுக்கு எட்டாத அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அவளுக்கு வந்த முதல் செய்தி இதுதான்:

'திருத்தம். அப்பா போன் கேட்டதாக நான் இதுவரை எழுதியதெல்லாம் தவறு. அவர் கேட்டது பவுனம்மாள் ஆன்டியை. வருந்துகிறேன். — சிஸ்டர் அமுதவள்ளி.'

மெல்பர்னிலிருந்து மாதவி எழுதினாள்: 'ஐயோ. நான் சிம் கார்டு வேற போட்டு அனுப்பினேனே.' அப்புறம்: 'ஆன்டி, சீக்கிரம் போங்க.'

சீக்கிரம் போகச் சொன்னால் கோலாலம்பூர் சாலை கேட்குமா? வெள்ளிக்கிழமை மாலை நெரிசல், ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அவளிடம் பேரம் பேசியது.

வார்டு வாசலில் லோகன் காத்திருந்தான். வாசல் காவலாளி, அரும்பு மீசைக்கார மலாய்க்காரன், "அடெக் டியாக்கா?" என்று கேட்டான். அவருடைய தங்கையா என்று கேட்கிறான். பவுனம்மாள் வாயைத் திறப்பதற்குள் லோகன், "புக்கான்" என்றான், பலமாக. இல்லை என்று. வேறு விளக்கம் சொல்லாமல் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான்.

மாஸ்க்குக்குள் மூச்சு மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. இடது கை, கட்டிலோரக் கம்பியை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"தவுக்கே" என்றாள். "உங்க அண்டா எட்டிப் பாக்கறதில்ல இப்பல்லாம். கடை வெறிச்சோடிக் கெடக்கு."

தட்டுவது நின்றது. கண் திறந்தது. இடது பக்க முகம் மாஸ்க்குக்குள் ஏதோ செய்தது. அவள் கையைப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஆள்காட்டி விரல் தேடித் தேடி வந்து வளையலைச் சுண்டியது. ஒரு சுண்டு. இரண்டாவதுக்கு அவள் காத்திருந்தாள். வரவில்லை. விரல் வளையல் மேலேயே தங்கிவிட்டது.

குரூப்பில் மாதவி கேட்டாள்: 'இப்ப கேக்கறாரா?'

லோகன் எழுதினான்: 'இல்ல. கேக்கல.'

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். விரலை வளையலிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு, "நாளைக்கு வரேன் தவுக்கே, வெள்ளிக்கெழமைக்குக் காத்திருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். லோகன் டாக்டரிடம் பேச உள்ளேயே நின்றான். நாளை என்று சொல்லியாகிவிட்டது. டாக்டரோ பார்க்கலாம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். லிஃப்டுக்குக் காத்திருந்தவர்களோடு சேர்ந்து அவளும் நின்றாள். கதவு திறந்தது. ஒரு காலை உள்ளே வைத்தாள்.

போன் அதிர்ந்தது.

லோகன் எழுதியிருந்தான்: 'ஆன்டி, போயிட்டீங்களா? கேக்கறார்.'

ஒரு வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்குத் தகவல் வந்திருக்கிறது, நேரத்துக்கு. வைத்த காலை எடுத்துக்கொண்டாள். வார்டு வாசலில் அதே காவலாளி குறுக்கே கையை நீட்டி, "ஹாபிஸ், மாக்சிக்" என்றான். நேரம் முடிந்துவிட்டது, பெரியம்மா.

பவுனம்மாள் கைப்பையைத் தோளில் ஏற்றினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பேரனாகிற வயசுதான் அவனுக்கு.

"அபாங்" என்று ஆரம்பித்தாள். அண்ணே.